நான்காவது குப்பி

ஒன்பதே முக்காலுக்குப் பெட்டியைக் கவிழ்த்தேன்.
கண்ணாடி போலிருக்கும், கண்ணாடி இல்லை.
உள்ளே ஆறு குத்து நெல், ஒரு நத்தை,
பேட்டரியில் சுற்றும் பொம்மை விசிறி,
சேலியமேட்டு வானத்தில் முழ அகலத் துண்டு ஒன்று.

'பயிருக்கு மூச்சு முட்டாதா பொண்ணே?'
களை பறிக்கும் வரிசையிலிருந்து ஒரு குரல்.
முட்டாதுக்கா, அரைமணி நேரம்தான்.
'எங்க ஊட்டுக்காரருக்கும் ஒண்ணு செஞ்சிக் குடேன்!'
சிரிப்பு நாலு வரப்பு தாண்டிப் போய் அடங்கியது.

நான் பிடிக்க வந்ததும் சிரிப்பைத்தான்.
பல் பிடுங்குகிறவர்கள் உருளையில் அடைத்து வைப்பார்களே,
அதே வாயு.

யூரியா விழுந்து மூன்றாம் நாள்.
சொர்ணவாரி வெயிலில் ஒரு பகல் காய்ந்து வெடித்து
நேற்றிரவு மோட்டார் ஓடி மறுபடி நனைந்த வயல்.
இதுதான் அதன் நேரம்.
காற்றுப் புகுந்த மண்ணில் ஒரு கூட்டம்
ஓர் உப்பைத் தின்று இன்னோர் உப்பைக் கக்கும்.
தண்ணீர் மூடியதும் அடுத்த கூட்டம்
மூச்சுக்கு வழியில்லாமல்
அந்த உப்பிலிருந்தே மூச்சைப் பிய்த்தெடுக்கும்.
பாதியில் கைவிட்ட வேலை
குமிழாகக்கூட இல்லாமல் மேலே வரும்.
நிறம் கிடையாது. லேசாக இனிக்குமாம்.
குனிந்து மோந்தேன். சேறு.

பூஜ்யம். பத்து. இருபது.
ஊசியால் உறிஞ்சிக் குப்பியில் அடைத்து
மேலே எழுதுகிறேன், வியர்வையில் மை ஓடுகிறது.

அஞ்சாப்புலி வரப்பில் குந்தியிருக்கிறார்.
பாகூர்க் கடையில் அவர் கட்டைவிரலை
மிஷின் நாலு தடவை ஏற்கவில்லை.
தேய்ந்த விரல்.
மகன் வந்து வைத்த பிறகுதான் மூட்டை கிடைத்தது,
கேட்காத பாட்டில் ஒன்றையும் சேர்த்துக் கட்டினார்கள்.
அது மோட்டார் கொட்டகையில் நிற்கிறது, சீல் உடையாமல்,
மேலே ஒரு பல்லி.

'எம் மூட்டையில எவ்ளோ காத்தா பூடுது?'
கால் மூட்டை இருக்கலாம், என்றேன், கூடவும் ஆகலாம்.
அது அமோனியா. கண் எரியுமே, அது.
கொஞ்சம் கிணற்றுக்கு இறங்கும்.
'நீ புடிக்கிறது?'
ஒரு கைப்பிடி. அவ்வளவுகூட இருக்காது.

வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை.
'கால் மூட்டை தூக்குனவன உட்டுட்டு
கைப்பிடி அள்ளுனவன் பின்னாடி
நோட்டு எடுத்துகினு அலையிறியே.'

அவன் மேலே போனால் நூறு வருஷம் இறங்க மாட்டான், என்றேன்.
படுத்துக்கொண்டு சூட்டைப் போகவிடாமல் பிடிப்பான்.
புகைபோக்கியின் கரிவாயு ஒரு கிலோ செய்வதை
இவன் முந்நூறு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகச் செய்வான்.
சொல்லச் சொல்ல
தண்டல்காரன் வட்டிக் கணக்குச் சொல்வது போல
என் குரல் எனக்கே கேட்டது.

அவர் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
'மிஷின்ல உழாத ரேகை
அங்க நூறு வருசத்துக்கு உழுமாக்கும்.'

பதில் தேடியதில் மணி தவறிவிட்டது.
முப்பது என்று எழுத வேண்டிய குப்பியில்
முப்பத்து நான்கு என்று எழுதினேன்.
அடைப்பானும் சரியாக உட்காரவில்லை.

கிளம்பும்போது இலை வண்ண அட்டையை நீட்டினேன்.
ஓர் இலையை வைத்தார். இன்னோர் இலை.
நிழலுக்குத் திரும்பி முதுகால் வெயிலை மறைத்து
மறுபடி வைத்தார். நாலாம் பச்சை.
பசி இல்லாத இலை.
'நாளைக்கு அடுத்தது தெளிக்கலாம்னு இருந்தேன்' என்றார்.
தெளிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை.
அட்டையைத் திருப்பித் தரவும் இல்லை.

பெட்டியைத் தூக்கினேன்.
நத்தை ஒரு விரல் தூரம் நகர்ந்திருந்தது.

பேருந்தில் மடிமேல் தெர்மகோல் பெட்டி.
கண்டக்டர் மூக்கைச் சுருக்கினார்: 'மீனாம்மா?'
காத்து, என்றேன்.
மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
எனக்கு மட்டும் டிக்கெட் கிழித்தார்.